கு.க. முடிந்த வீட்டில் மசக்கை

“குடும்பக் கட்டுப்பாடு பண்ணின ஆம்பளைக்குப் பிள்ளை பிறக்குமா? பிறக்கும், பிறக்காது, ஒரே வார்த்தையில சொல்லுங்க நர்சம்மா!”

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, அவசரப்பட்டுக் கையைத் தூக்காதீர்கள். பயிற்சிப் பள்ளியில் இந்தக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண்தான். எனக்கு இது வந்தது ஒரு புதன்கிழமை காலையில். சங்கரன்கோவிலில் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவின் கடைசியில் இருந்த எங்கள் துணை சுகாதார நிலையத்தில், தடுப்பூசிக்காகத் தாய்மார்கள் வரிசையாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குழந்தை அழுதால் எல்லாக் குழந்தைகளும் அழும். ஆனால் இந்தக் கேள்வி வந்தவுடன் குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டதுபோல எனக்குத் தோன்றியது.

கேட்டவர் பேச்சியம்மாள். பூ மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிறவர். அத்தனை பேர் கூச்சலுக்கு நடுவில் விலை சொல்லிப் பழகிய குரல். அவருக்குப் பின்னால் தலையைக் குனியாமல், சுவரில் இருந்த போலியோ படத்தையே முறைத்துக்கொண்டு நின்றவள் அவருடைய தம்பி மனைவி ஆவுடையம்மாள்.

நான் சொன்ன பதிலுக்கு வருவதற்கு முன், விவகாரம் எப்படி அந்தப் பெஞ்சு வரைக்கும் வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆவுடையம்மாள் விசைத்தறியில் வேலை பார்க்கிறவள். முப்பத்தேழு வயது. இரண்டு பெண்கள், மூத்தவள் பிளஸ் டூ. கணவன் செல்லத்துரைக்கு லோடு ஆட்டோ. வாசுதேவநல்லூர், குருவிகுளம் பக்கமெல்லாம் போய்ப் பூ மூட்டை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவான். ஆவுடையம்மாளுக்குக் காப்பர் டி ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்தாயிற்று. ஆபரேஷன் என்றால் பயம். ஒருநாள் செல்லத்துரை, “ரெண்டு பிள்ளையும் நீதான சொமந்த, இதுக்கு நான் போறேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு முகாம் விளம்பரத்தைப் பார்த்து, என்னிடம்கூடச் சொல்லாமல் தானாகவே போய்க் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டான்.

நம் பக்கத்தில் ஆண்கள் இதற்கு முன்வருவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும். மாலை போட்டு வரவேற்க வேண்டிய ஆள். ஆனால் அவன் நாம் மாலை போடும்வரை காத்திருக்கவில்லை. தானே போட்டுக்கொண்டான். ஆட்டோ ஸ்டாண்டில் மைக் வைக்காத குறையாக, “ஏலே, எறும்பு கடிச்ச மாதிரிதாம்ல இருந்துச்சு! பொம்பளையள போட்டு எதுக்குலே வதைக்கிய?” என்று ஒவ்வொருவனையும் பிடித்துச் சொன்னான். டீக்கடை, மார்க்கெட், பெட்ரோல் பங்க் எல்லா இடத்திலும் செய்தி போய்விட்டது.

அதனால்தான் சில மாதம் கழித்து ஆவுடையம்மாள் தறியை விட்டுவிட்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தபோது, கணக்குப் போடத் தெரிந்த அத்தனை பேரும் கணக்குப் போட்டார்கள். அவன் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், ‘மூணாவது வந்துட்டு போல’ என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருவோம். என் கையில் ஊசி. மடியில் அடுத்தவீட்டுக் குழந்தையின் தொடை. ‘பிறக்கும்’ என்று சொன்னால், ஆவுடையம்மாள் தன் வாயால் என்னிடம் இன்னும் சொல்லாத ஒன்றை ஊருக்கே நான் சொன்னதாக ஆகும். ‘பிறக்காது’ என்றால் அவள் வாழ்க்கை அந்த வாசலிலேயே முடிந்தது. ‘எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்க’ என்று நழுவலாம். நழுவுவது பாதுகாப்பு என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அன்றைக்கு நான் நழுவியிருந்தால், ‘நர்சம்மாவுக்கே பதில் சொல்ல முடியலையே’ என்று சாயங்காலத்துக்குள் தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

நான் ஊசியைப் போட்டு முடித்தேன். குழந்தை வீறிட்டது. அது அடங்கும்வரை எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. இந்த உத்தியை நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

“உக்காருங்க பேச்சியக்கா, நல்ல கேள்வி கேட்டிய. இது இங்க இருக்க எல்லாரும் தெரிஞ்சுக்கிட வேண்டிய விசயம்” என்றேன். “மோட்டார நிப்பாட்டின பெறவும் பைப்புல தண்ணி கொஞ்ச நேரம் வரத்தான செய்யுது? ஆம்பளையளுக்கு இந்த ஆபரேஷனும் அப்படித்தான். வழிய அடைச்சாலும், ஏற்கெனவே பைப்புல நிக்கது காலியாவ மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் வீட்டுக்காரர் ஆணுறை போட்டுக்கிடணும். அப்புறம் ஒரு டெஸ்ட் எடுத்து, காலியாயிட்டுன்னு தெரிஞ்ச பெறவுதான் பயமில்ல. எல்லாருக்கும் வெளங்கிச்சா?”

வரிசையில் முதலில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்புறம் சிரிப்பு பெஞ்சு முழுக்க ஓடியது. கடைசியில் இருந்த ஒருத்தி, “இத எங்க வீட்டுக்காரர்ட்ட நீங்களே சொல்லிருங்க நர்சம்மா, நான் சொன்னா மொறைக்காவ” என்றாள்.

பேச்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “அப்பம் பிறக்கும்னு சொல்லுதிய.”

“பிறக்க வழி இருக்குன்னு சொல்லுதேன். யார் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன்.”

இதைக் கவனியுங்கள். ஆவுடையம்மாள் நல்லவள், அப்படியெல்லாம் செய்யமாட்டாள் என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. கொடுக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்திக்குக் கொடுத்தால், நாளைக்கு இன்னொருத்திக்குக் கொடுக்காமல் இருப்பதே அவளுக்குத் தண்டனையாகிவிடும்.

ஆவுடையம்மாளை உள்ளே கூப்பிட்டேன். பேச்சியம்மாளும் கூடவே எழுந்தார். ஊசி போட்டு வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு குண்டுப் பையனைத் தூக்கி, “அக்கா, இவன் உங்ககிட்டதான் அடங்குவான், கொஞ்சம் பிடிங்க” என்று அவர் கையில் வைத்தேன். அவன் அவர் தலையில் இருந்த பூவைப் பிடித்துக்கொண்டான். அவரால் நகர முடியவில்லை. நான் கதவைச் சாத்தினேன்.

உள்ளே வந்ததும் ஆவுடையம்மாள் கேட்டாள்: “இது அவிய பிள்ளதான்னு உங்ககிட்டயும் சொல்லணுமா?”

“வேண்டாம்.”

“அப்பம் சரி” என்று உட்கார்ந்தாள். கர்ப்பத்தை உறுதிசெய்தோம். இரண்டு மாதம்கூட நிறையவில்லை. அவள் அழவில்லை. “அவியகிட்ட சொன்னேன். ‘ஐயையோ’ன்னாவ. அதோட சரி, வாயத் தொறக்கல. மதினி வந்து வாசல்ல நின்னு கத்துதாவ, இவிய உள்ள டிவி பாக்காவ.”

“சந்தேகப்படுதானா?”

“தெரியல. தெரியலேங்கதுதான் எனக்கு எரியுது.”

செல்லத்துரைக்கு ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. “என் யோக்கியத்துக்கு அவியள டெஸ்ட் எடுக்கச் சொல்லுதியளா?”

“உன் யோக்கியத்துக்கு இல்லட்டி, அந்த ஆபரேஷனோட யோக்கியத்துக்கு. அது பலிச்சிருக்கா இல்லையான்னு பாக்காம விட்டா, அடுத்த வருசமும் இதே ஸ்டூல்ல வந்து உக்காருவ.”

பாதிச் சிரிப்பு வந்தது அவளுக்கு. பிறகு தெளிவாகச் சொன்னாள்: “எடுக்கட்டும். ஆனா ரிசல்ட் வாரதுக்கு முன்ன அவிய தன்னோட அக்காகிட்ட பேசணும். வந்த பெறவு பேசுனா அது பேப்பரு பேசினது. அந்தப் பேப்பர மதினிகிட்ட காட்டவும் கூடாது.”

அவனிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மறுநாள் காலை செல்லத்துரை வந்தான். வந்த வேகத்தில் என் மேல் பாய்ந்தான். “என்னக்கா ஆபரேஷன் பண்ணுதிய? பூட்டு போட்டா பூட்ட வேண்டாமா? நான் ஸ்டாண்டுல எல்லாப் பயலுக்கும் சொல்லிட்டேன், இப்பம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்கன போவ?”

“மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாங்களா தம்பி?”

“இருந்தேனே! ஒரு மூட்ட தூக்கல. சைக்கிள் மிதிக்கல. ஆவுடைதான் தண்ணிக்குடம்கூட தூக்குனா. நான் ராசா மாதிரில்லா இருந்தேன்!”

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. முகாமில் விளக்கம் சொன்ன மனிதர் கூச்ச சுபாவக்காரர். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, ‘மூணு மாசம் ஜாக்கிரதையா இருங்க’ என்று மட்டும் சொல்லி, ஒரு கவரைக் கையில் திணித்திருக்கிறார். கவருக்குள் இருந்தது என்ன என்று செல்லத்துரைக்குத் தெரியும். ஆபரேஷன்தான் ஆயிற்றே, இனி இது எதற்கு என்று ஆட்டோவின் டாஷ்போர்டிலேயே போட்டு வைத்துவிட்டான். பிள்ளைகளே, வெட்கப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஜாக்கிரதை, சுத்தம், ஓய்வு, இந்த மாதிரி வார்த்தைகளை நம்மிடம் வருகிறவர்கள் தங்களுக்குத் தோதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எதை, எப்போது, எதோடு என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

“சரி, அவ மேல உனக்குச் சந்தேகமா?” என்று கேட்டேன்.

அவன் உண்மையாகவே விழித்தான். “ஆவுடை மேலயா? எவன் சொன்னான்? என்ன பேச்சுக்கா இது?”

“இத நீ உன் அக்காகிட்ட சொன்னியா?”

பின்னந்தலையைச் சொறிந்தான். “அக்கா பேச ஆரம்பிச்சா நடுவுல நான் எங்கனக்குள்ள போய் பேச? எங்க அம்மா போன பெறவு அவதான என்னைய வளத்தா. இதுவரைக்கும் எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல.”

ஆவுடையம்மாளின் நிபந்தனையை அவனிடம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் கையிலிருந்த ஆட்டோ சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். “ரிசல்ட் வந்த பெறவு சொன்னா லேசா இருக்கும்லாக்கா” என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். “உனக்கு லேசா இருக்கும்” என்றேன். ஆட்டோவை ஸ்டார்ட் செய்துகொண்டு போய்விட்டான். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. பேச்சியம்மாள் புயல்மாதிரி வந்தார். “எந்தம்பிக்கு என்ன மருந்து குடுத்திய நர்சம்மா? மார்க்கெட்டுல, அத்தன யாவாரிக்கு முன்னால வந்து நிக்கான். ‘எக்கா, அது எம்பிள்ள. டெஸ்ட்டு இன்னும் எடுக்கல. எடுத்தாலும் உனக்குக் காட்டமாட்டேன். இனிமே ஆவுடையப் பத்தி ஒரு வார்த்த பேசுன, உன் கட பூவ ஏத்தமாட்டேன்’ங்கான்! நான் வளத்த பயல்!”

“ரொம்ப நல்லா வளத்திருக்கியக்கா” என்றேன். நான் கேலி செய்கிறேனா பாராட்டுகிறேனா என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை.

செல்லத்துரை லேபுக்குப் போனதே தனிக் கூத்து. தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக் கூடாதென்று ராஜபாளையம் வரைக்கும் போனான். அங்கே கவுண்டரில் இருந்த பெண் அவன் பெயரையும் டெஸ்டின் பெயரையும் சேர்த்து உரக்க வாசித்தாள். காத்திருந்தவர்களில் ஒருவர் மார்க்கெட்டுக்கு மல்லிகை அனுப்புகிற விவசாயி. ‘என்ன அண்ணாச்சி, நல்லாருக்கியளா?’ என்று கேட்டிருக்கிறார். ரிசல்ட்டைப் பார்த்த எங்கள் டாக்டரம்மா, “ஆபரேஷன் இன்னும் பலிக்கல. உள்ள ஓட்டப்பந்தயமே நடக்குது” என்றார். அவன் நேராக ஸ்டாண்டுக்குப் போய், எல்லோரையும் கூட்டி, “ஏலே, மூணு மாசம்னா வேற மூணு மாசம்ல! மூட்ட தூக்கது இல்ல!” என்று பாடம் எடுத்திருக்கிறான். அதைக் கேட்டு இன்னொரு டிரைவர் முகம் வெளுத்துப்போய் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவனும் சத்தமில்லாமல் ஆபரேஷன் செய்திருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால், நீங்களும் அந்தத் தெருக்காரர்களைப் போலத்தான். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பழி போயிற்று, அப்புறம் என்ன, சந்தோஷம்தானே!

பேச்சியம்மாளின் குரல் ஒரே நாளில் மாறியது. கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து ஆவுடையம்மாள் நெற்றியில் பூசினார். “ரெண்டும் பொட்டப்புள்ளையா போச்சு, ஆத்தா இப்பம் ஆம்பளப்பிள்ளைய அனுப்பியிருக்கா” என்று கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார். செல்லத்துரை எங்கிருந்தோ மாங்காய் கொண்டுவந்தான். தறியில் கூட வேலை பார்ப்பவர்கள் வளையல் போடும் நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் அவளைத் தூற்றிய அதே வாய்கள்.

அடுத்த முறை பேச்சியம்மாளே அவளைக் கையைப் பிடித்து என்னிடம் கூட்டிவந்தார். “கர்ப்பிணி பதிவு போடுங்க நர்சம்மா, நல்ல நேரம் முடியதுக்குள்ள.” நான் பேனாவைத் திறந்துவிட்டேன். திறந்துவிட்டு ஆவுடையம்மாள் முகத்தைப் பார்த்தேன். முதல் நாள் போலியோ படத்தை முறைத்த அதே பார்வை, அதே சுவர்.

பேனாவை மூடினேன். “எடை பாக்கணும், நீங்க வெளிய இருங்கக்கா” என்று பேச்சியம்மாளை அனுப்பினேன்.

“ஆவுடை, ஊருல ஒருத்தருக்கும் வாயே இல்லன்னு வச்சுக்க. மதினிக்கு இல்ல, புருசனுக்கு இல்ல, எனக்கும் இல்ல. அப்பம் நீ என்ன செய்வ?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மதினிக்கு வாய் இல்லன்னா மொதல்ல ஒரு நாள் நல்லா தூங்குவேன்” என்றாள். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு வேண்டாம் நர்சம்மா.”

நான் என் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

“கலைச்சா, பயந்துபோய் கலைச்சான்னு சொல்லுவாவ. பெத்தா, ஆம்பளப்பிள்ளைக்கு ஆசப்பட்டு பெத்தான்னு சொல்லுவாவ. அவிய சொல்லுததுக்கு ஒண்ணு, இவிய சொல்லுததுக்கு ஒண்ணுன்னு நான் பெத்துக்கிட்டிருக்க முடியுமா? பெரியவ காலேஜுக்குப் போவணும். நான் இப்பத்தான் முதுக நிமித்தியிருக்கேன். இதெல்லாம் இல்லன்னாலும் எனக்கு வேண்டாம்னுதான் இருக்கு. காரணம் சொன்னாத்தான் செய்வியளா?”

“வேண்டாம்ங்கதே போதும்” என்றேன்.

இதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கருத்தடை தவறி உண்டான கர்ப்பம் தனக்கு வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால், உரிய காலத்துக்குள் அதைப் பாதுகாப்பாக முடித்துக்கொள்ள நம் சட்டம் இடம் கொடுக்கிறது. வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். ‘வீட்டுக்காரர் வரலையா, மாமியார் வரலையா’ என்று நாம் கேட்கிற கேள்விகள் நம் ஆர்வத்துக்குத்தான். நாம் முகத்தைச் சுளித்தால் அவள் தெரியாத இடத்துக்குப் போய்த் தெரியாத மாத்திரையை வாங்கி விழுங்குவாள். அப்புறம் நாம் ஆம்புலன்சில் உட்கார்ந்து அழவேண்டியதுதான். அவள் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தால், அதே பேனாவை அதே சந்தோஷத்தோடு திறந்திருப்பேன்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வரச் சொன்னேன். வந்தாள், அதே பதிலோடு. செல்லத்துரையும் வந்தான். கண் சிவந்திருந்தது. “பொட்டப்புள்ளயா இருந்தாகூட எனக்குச் சந்தோசம்தாங்க்கா” என்றான் என்னிடம். “அத என்கிட்ட எதுக்குச் சொல்லுத?” என்றேன். “அவகிட்டயும் சொன்னேன். ‘ஆசப்படுங்க, நான் தடுக்கல, ஆனா நீங்க சொமக்கப் போறதில்ல’ன்னுட்டா.” கொஞ்ச நேரம் கழித்து அவனே, “நாயமாத்தான் சொல்லுதா” என்றான்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா செய்த முதல் காரியம், செல்லத்துரையையும் என்னையும் வெளியே அனுப்பியது. ஆவுடையம்மாளிடம் தனியாகப் பேசினார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இவ்வளவு தூரம் கூடவே வந்தவள் நான் அல்லவா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நானும் அந்த அறையில் ஒரு கூட்டம்தான். நல்லபடியாக எல்லாம் முடிந்தது.

“தானா கலைஞ்சிட்டுன்னு அக்காட்ட சொல்லிருவோமா?” என்று செல்லத்துரை யோசனை சொன்னான். ஆவுடையம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. தானே மார்க்கெட்டுக்குப் போய்ச் சொன்னாள். பேச்சியம்மாள் பூக்கூடைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். “எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேட்டி” என்றார். “சந்தேகப்படும்போது எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா மதினி?” என்று இவள் கேட்டாள். அதன்பிறகு வெகுநாள் இருவருக்கும் பேச்சு இல்லை. கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நெருக்கித் தள்ளியதில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டி வந்து, அங்கேதான் மறுபடி பேச ஆரம்பித்ததாகக் கேள்விப்பட்டேன். செல்லத்துரைக்கு அடுத்தடுத்து எடுத்த டெஸ்டில் எல்லாம் காலி என்று வந்தது.

மறுபரிசோதனைக்கு ஆவுடையம்மாளை நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். உடம்பு தேறிவிட்டது என்றார்கள். திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில் முன்சீட்டில் நாங்கள் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று அவள் கேட்டாள்: “எல்லாரும் ஒண்ணொண்ணு சொன்னாவ. நீங்க மட்டும் சொல்லல. நீங்க என்ன நெனைக்கிய நர்சம்மா? நான் செஞ்சது சரிதானா?”

எனக்கென்று ஒரு நினைப்பு இல்லாமல் இல்லை. மனுஷிதானே. அதை அன்றைக்கும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

“எனக்குப் பசிக்குன்னு நெனைக்கேன்” என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். செல்லத்துரை பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் வண்டியை நிறுத்தினான். இலை போட்டார்கள். அவன் தன் இலையிலிருந்து எலும்பில்லாத நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, அவள் இலையில் ஒவ்வொன்றாக வைத்தான்.

“நான் என்ன பிள்ளத்தாச்சியா?” என்றாள் ஆவுடையம்மாள். சொன்ன பிறகு ஒரு நிமிடம் கை அப்படியே இலையில் நின்றது. அவன் முகம் வாடியதைப் பார்த்தாள். பிறகு அவன் இலையிலிருந்து பெரிய எலும்பாக ஒன்றை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தாள்.